பல் பூச்சி, மலாய்க் காட்டுப் பிசின், ஒரு ரூட் கேனல்

போன மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்குச் சித்தி பையன் ஃபோன் பண்ணினான். கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகிற வண்டி ஓட்டுகிறான். அந்த நேரத்தில் கூப்பிட்டால் என்ன நினைப்போம்? வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுத்தேன்.

"அக்கா, கடைவாய்ப் பல்லு உயிர் போவுதுக்கா. ரூட் கேனல் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாரு. அத பண்ணா பின்னாடி கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல போட்டிருக்காங்க. புடுங்கிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"

புடுங்காதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். ராத்திரி 11 மணிக்கு வலியில் துடிக்கிறவனிடம் 300 வருஷக் கதையைச் சொல்ல முடியாது இல்லையா? அவனிடம் சொல்லாமல் விட்ட அந்தக் கதைதான் இன்றைக்கு.

கதையை எங்கள் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். ஆயா கருவாடு விற்றவர். 1950களில் ஒரு முறை அவருக்குப் பல்வலி வந்தபோது பூச்சி எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஓட்டுத் துண்டு ஒன்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கண்டங்கத்திரி விதையை எண்ணெயில் பிசைந்து போடுவாராம். குப்பென்று எழுகிற புகையைப் பப்பாளிக் காம்பு வழியாகச் சொத்தைப் பல் பக்கம் இழுக்க வேண்டும். எச்சில் ஒழுகினால் கீழே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் விழும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ச் சின்னப் பூச்சிகள் மிதக்கும். "என் கண்ணால பார்த்தேன்டி" என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயா பொய் சொல்லவில்லை. வெள்ளையாய் எதையோ பார்த்திருக்கிறார். ஐரோப்பாவிலும் இதே வைத்தியம் நடந்தது. அங்கே கண்டங்கத்திரிக்குப் பதில் குரோசாணி ஓமத்தின் விதை. சூட்டில் விதை வெடித்து உள்ளே இருக்கிற முளை வெளியே வந்து விழும், அது பார்க்கப் புழு மாதிரியே இருக்கும் என்று பிற்காலத்தில் விளக்கினார்கள். முதுநகர் கிண்ணத்தில் மிதந்ததும் விதைச் சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சில இடங்களில் நேரடி ஏமாற்று வேலையும் உண்டு. 1597-ல் லண்டனில் ஜான் ஜெரார்டு என்பவர் மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். பல் பிடுங்குகிற சில எத்தர்கள் இசைக்கருவியின் நரம்பைச் சின்னச் சின்னதாய் நறுக்கித் தண்ணீரில் போட்டு, இதோ உன் வாயிலிருந்து வந்த பூச்சி என்று காட்டிக் காசு பறிக்கிறார்கள் என்று அதிலேயே எழுதிவிட்டார்.

இந்தப் பல் பூச்சி சாதாரணப் பழசு இல்லை. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் அதற்குப் பிறப்புக் கதையே இருக்கிறது. பசிக்கிறது என்று பூச்சி தெய்வத்திடம் போய் அழுகிறது. அத்திப்பழம் தருகிறேன் என்கிறது தெய்வம். பழமெல்லாம் எனக்கு வேண்டாம், மனுஷனுடைய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் குடியிருக்க இடம் கொடு என்று பூச்சி கேட்கிறது. தமிழில் இன்றைக்கும் "பூச்சிப்பல்" என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் ஆயா கதையில் என்னை ரொம்ப நாள் குழப்பிய இடம் வேறு. பூச்சி எடுத்த இரண்டாம் நாள் வலி நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அந்தப் பல்லாலேயே சாப்பிட்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் கன்னம் பந்து மாதிரி வீங்கி, காய்ச்சல் வந்து, ஈறு உடைந்து சீழ் வந்தது. வேறு பூச்சி வந்துவிட்டது என்றார்களாம்.

நடந்தது இதுதான். பல்லுக்கு வெளியே எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள். அதற்குள் டென்டின். அதற்கும் உள்ளே, நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையிலும் அங்கிருந்து வேர் நுனி வரை இறங்குகிற மெல்லிய குழாய்களிலும் உயிருள்ள சதை இருக்கிறது. அதற்குப் பற்கூழ் என்று பெயர். ரத்தக் குழாயும் நரம்பும் வேர் நுனியில் இருக்கிற ஊசிமுனை ஓட்டை வழியாக அதற்குள் வந்து போகின்றன. கையில் அடிபட்டால் வீங்கும். வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் அந்த இடம் கிடையாது. சுற்றிலும் கல் மாதிரி சுவர். சொத்தை வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பற்கூழ் அழற்சி அடைந்தால், உள்ளழுத்தம் ஏறி நரம்பை நசுக்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக வருவதால் ராத்திரியில் இன்னும் மோசம். என் தம்பி 11 மணிக்குக் கூப்பிட்டது அதனால்தான்.

சில நாள் இப்படித் துடித்த பிறகு பற்கூழ் செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது. ஆயாவுக்கு வலி நின்றது பூச்சி போனதால் இல்லை, பல்லின் உயிர் போனதால். உள்ளே அழுகுகிறது வெளியே வர வழி இல்லாமல், வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். பிறகுதான் வீக்கம். பல்வலிக்கு உலகத்தில் இத்தனை ஆயிரம் கைவைத்தியம் "பலித்ததற்கு" பெரிய காரணம் இந்த நடுவில் வருகிற மௌனம்தான் என்பது என் எண்ணம். எதைச் செய்தாலும் கொஞ்ச நாளில் வலி நிற்கும். யார் கடைசியாக வைத்தியம் பார்த்தாரோ அவருக்குப் பேர் போய்ச் சேரும்.

அடுத்தது அம்மா. அம்மாவுக்கு 40 வயதுக்குள் நாலு கடைவாய்ப் பல் போய்விட்டது. நாலும் குறடு போட்டு எடுத்தவை. ரூட் கேனல் என்கிற வார்த்தையை அன்றைக்கு யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. பிடுங்கினால் ஒரே காலையில் வேலை முடிந்தது, மறுநாள் வேலைக்குப் போகலாம். பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மூன்று நாலு தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அந்தக் கணக்கில் பல் தோற்றுப்போனது. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளிக்குள் சாயும், எதிர்ப் பல் இறங்கும், அந்த இடத்து எலும்பு கரையும். அம்மா முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

பல்லைப் பிடுங்காமல் உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கலாம் என்கிற யோசனை பழசு. பிரான்சில் பியர் ஃபோஷார் 1728-ல் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். பல்லில் பூச்சி எதையும் தான் கண்டதில்லை என்று எழுதினார். சொத்தைக்குக் கிராம்புத் தைலம் வைக்கச் சொன்னார். எந்தப் பல் டாக்டர் கிளினிக்கிலும் நுழைந்தவுடன் ஒரு வாசனை வருமே, அது இன்றைக்கும் கிராம்பிலிருந்து வருகிற யூஜினால்தான். யோசனை இருந்தாலும் கருவி இல்லை. தலைமுடி கனத்துக் குழாய்க்குள் எதை விட்டுச் சுரண்டுவது? 1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்டு என்பவர் கடிகாரத்து ஸ்பிரிங்கைத் தேய்த்து மெல்லிசாக்கி உள்ளே விட்டார். இந்த மனிதர் பிற்காலத்தில் துப்பாக்கி வடிவமைத்துப் பேர் வாங்கினார் என்பது வேறு கதை. நினைத்துப் பாருங்கள், வலி மரக்கிற ஊசி வருவதற்கு முன் இது! நரம்பைச் சாகடிக்கப் பல்லுக்குள் ஆர்சனிக் வைத்தார்கள். பாஷாணம்! 1884-ல் கோகெயின், 1905-ல் நோவோகெயின், 1940களில் லிக்னோகெயின் என்று வந்த பிறகுதான் இது மனுஷர் தாங்கக்கூடிய வைத்தியம் ஆனது.

சரி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்தாச்சு. காலியான குழாயை எதை வைத்து அடைப்பது? சும்மா விட்டால் கிருமி திரும்பக் குடியேறிவிடும். இந்த இடத்தில் கதை நம் வங்காள விரிகுடாவைத் தாண்டுகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்தும் கடலூரிலிருந்தும் நூற்றாண்டுகளாகக் கப்பல் போய் வந்த கெடா, பினாங்கு, சிங்கப்பூர் பக்கம்.

மலாய்க் காடுகளில் ஒரு மரம். இலுப்பை, சப்போட்டா குடும்பம்தான். சப்போட்டாக் காயைக் கிள்ளினால் பால் வடியும் இல்லையா, அதுபோல இந்த மரத்திலும் பால் வரும். அந்தப் பிசினுக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். கெத்தா என்றால் மலாயில் பிசின். வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு மாதிரி இளகும், ஆறினால் இறுகிவிடும். காட்டு வேலைக்காரர்கள் அதில் தங்கள் பாராங்குக் கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி இதைக் கவனித்து, 1843-ல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு உதவும் என்பது அவர் எண்ணம். ஆனால் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கடலடித் தந்திக் கம்பி போட்டபோது அதற்கு உறை கட்டாபெர்ச்சா. 1871 வாக்கில் மெட்ராஸையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைத்த கம்பியும் அந்தப் பிசினுக்குள்தான் படுத்திருந்தது. ரப்பர் மரம் மாதிரி கீறிப் பால் எடுக்கவில்லை, மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். லட்சக்கணக்கான மரங்கள் போயின.

தந்திக்காரர்கள் பின்னாலேயே பல் டாக்டர்களும் வந்தார்கள். 1847-லேயே ஆசா ஹில் என்கிற அமெரிக்கர் கட்டாபெர்ச்சாவில் சுண்ணாம்பெல்லாம் கலந்து சொத்தை அடைக்கிற ஒரு கலவை செய்தார். 1867-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து பௌமன் அதைப் பல் வேரின் குழாய்க்குள்ளேயே அடைத்துக் காட்டினார். இன்றைக்குக் கடலடிக் கம்பிக்கு யாரும் அதைத் தேடுவதில்லை; பிளாஸ்டிக் வந்துவிட்டது. வேர்க் குழாய்க்கு மட்டும், 150 வருஷத்துக்கு மேல் ஆகியும், அதே கட்டாபெர்ச்சாதான். உடம்பு அதைப் பகைப்பதில்லை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வேறு பொருள்கள் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்றால் இளக்கி வெளியே எடுக்கவும் முடியும்.

எக்ஸ்ரே வந்ததும் நிலைமை மாறியது. 1895 கடைசியில் ரோன்ட்கன் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் வால்கோஃப் 25 நிமிஷம் வாயைத் திறந்தபடி இருந்து தன் பற்களைத் தானே படம் எடுத்துக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் 1899-ல் ஈயக் கம்பியை வேருக்குள் விட்டுப் படம் எடுத்து, குழாய் எவ்வளவு நீளம் என்று அளந்தார். இப்போது நம் வாயில் ஃபைல் வைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அதன் தொடக்கம் அது. கெல்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் கருவியைச் சரிபார்க்கத் தன் கையைத்தான் கதிரில் நீட்டினார். விரல்களில் புற்றுநோய் வந்தது. விரல்களை எடுத்தார்கள், அப்புறம் கையை. 1928-ல் வேதனை தாங்காமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நம் பல்லின் நீளம் தெரிந்ததற்குப் பின்னால் அப்படி ஒரு கை இருக்கிறது.

இனி என் தம்பியின் வாட்ஸ்அப்.

1910-ல் கனடாவில் மான்ட்ரியால் நகரத்து மெகில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹன்டர் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகின பல்லின் மேல் தங்க மூடி போட்டு மறைக்கிறார்கள், அந்த அழுக்கு உடம்பு முழுக்கப் பரவி நோய் தருகிறது என்று விளாசினார். அன்றைய அரைகுறை வேலைகளைப் பார்த்தால் அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் வந்தவர்கள்தான் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். வெஸ்டன் பிரைஸ் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர், வேர் சிகிச்சை செய்த பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். முயல்கள் நோயுற்றன. 1923-ல் பெரிய தொகுதிகளாகப் போட்டார். மூட்டுவலியா, இதயமா, மனநோயா, பல்லைப் பிடுங்கு என்று ஒரு காலமே நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல பற்களை இழந்தார்கள். நோய் போகவில்லை. 1938-ல் சீசில், ஆஞ்சவின் என்ற இரு மருத்துவர்கள் 200 மூட்டுவாத நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்து, பல்லையோ டான்சிலையோ எடுத்ததால் பலன் இல்லை என்று எழுதினார்கள். பிரைஸின் முயல் சோதனைகளிலும் ஓட்டைகள் தெரிந்தன. அளவுக்கு மீறின கிருமி, சுத்தமில்லாத முறை. ஆனாலும் அந்தப் பயம் சாகவில்லை. 1923-ன் புத்தகம்தான் இன்றைக்குக் கேன்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டு கடலூரில் ஒரு ஐஸ் வண்டிக்காரனின் ஃபோனுக்கு வந்திருக்கிறது.

பூச்சி விஷயத்துக்குக் கடைசித் தீர்ப்பு 1965-ல் வந்தது. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்று மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைப் பற்கூழ் வரை துளைத்துத் திறந்தபடி விட்டார்கள். சாதாரண எலிகளுக்கும் அப்படியே. சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமி இல்லாத எலிகளுக்கோ, சோறெல்லாம் அந்த ஓட்டைக்குள் அடைந்தும்கூட, பல் தானே உள்ளிருந்து சுவர் எழுப்பிக்கொண்டது. ஆக, ஆயா சொன்னது முழுத் தப்பு இல்லை. உயிருள்ள ஒன்று பல்லுக்குள் இருந்தது. கிண்ணத்தில் மிதக்கிற அளவில் இல்லை, அவ்வளவுதான். ரூட் கேனல் என்றால் அந்தக் குடித்தனத்தைக் காலிசெய்து, கழுவி, வாசலை அடைப்பது.

இதெல்லாம் நம் பக்கத்துக்கு எப்போது வந்தது? இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-ல் தொடங்கினார். பல் மருத்துவர்களுக்கான சட்டம் 1948. சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு 1953. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லேயே வந்துவிட்டது, பர்மா, மலாயா என்று கடல் தாண்டிப் புரண்ட நகரத்தார் பணத்தில் எழுந்தது. அங்கே ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது 1980-ல். அம்மாவின் முதல் இரண்டு பல் அதற்கு முன்னாலேயே போய்விட்டன.

என் பல் 1998-ல் அங்கேதான் பிழைத்தது. கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் வண்டி ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கி நடந்தால் அண்ணாமலை நகர். நாலு தடவை போனேன். பார்த்தவர் படிக்கிற பையன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுந்துபோய்த் தன் ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவருவார். அதனால் ரொம்ப நேரம் ஆகும், எனக்கு வாய் வலிக்கும். ஆனால் அவ்வளவு பொறுமையாக அதற்கப்புறம் யாரும் என் வாயைப் பார்த்ததில்லை. கடைசி நாள் கழுவின ஈரம் காயாத எக்ஸ்ரே ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேருக்குள் மூன்று வெள்ளைக் கோடுகள். "இது என்னங்க?" என்று கேட்டேன். "மரத்துப் பிசின்க்கா. மலேசியாப் பக்கத்து மரம்" என்றார். இந்த எபிசோடே அந்த ஒரு பதிலிலிருந்து வந்ததுதான்.

பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது. அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் போராடி, 2021-ல் அந்தக் கல்லூரிகள் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன.

தம்பி போன வாரம் முதல் சிட்டிங் முடித்துவிட்டுக் கூப்பிட்டான். பாதி வாய் மரத்துப்போய்க் குழறிக்குழறிப் பேசினான். வண்டிக்கு ஒரு நாள் ஆள் போட்டிருக்கிறானாம், இன்னும் இரண்டு நாள் போட வேண்டும், அந்தக் காசு தண்டம் என்று புலம்பினான். கேன்சர் பேச்சே எடுக்கவில்லை. "அக்கா, டீ குடிக்கலாமா?" என்று கேட்டான். உதட்டுக்கு உணர்ச்சி வருகிறவரை வேண்டாம்டா, சூடு தெரியாமல் சுட்டுக்குவே என்றேன். பின்னால் டீக்கடை சத்தம் கேட்டது. ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்று நினைக்கிறேன்.